மத்தியான நேரத்துப் பனி

"ஜனவரியில ராக்கெட் விடலாமா, கூடாதா? ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்துடுங்க ஏஞ்சலின்" என்று எங்கள் கம்பெனி முதலாளி ஜெயப்பிரகாஷ் சார் போனில் கேட்டபோது, நான் வடலூரில் அப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் போகிப் பண்டிகை. வாயில் கரும்பு இருந்ததால் அவர் தப்பித்தார். இல்லாவிட்டால், "நல்ல நாள் பார்க்க ஜோசியர் இருக்காரே சார், எனக்கு எதுக்கு சம்பளம்?" என்று கேட்டிருப்பேன். நான் அப்படிக் கேட்கக்கூடியவள்தான் என்பது அவருக்கும் தெரியும்.

எங்களுடையது சின்ன ராக்கெட் கம்பெனி. சென்னையில் ஆபீஸ், தெற்கே கடற்கரையில் ஏவுதளம். காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை எங்கள் முதல் ராக்கெட் மேலே போகவேண்டும். அந்த நேரத்தில் பார்த்து, பணம் போட்டவர்களில் ஒருவர் எதையோ படித்துவிட்டுப் பயந்துபோய் வந்து நின்றார். அமெரிக்க விண்கலங்களில் ஆட்கள் இறந்துபோன மூன்று பெரிய விபத்துகளும் ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரி முதல் தேதியிலும்தான் நடந்திருக்கின்றன. தரையில் ஒத்திகை பார்க்கும்போதே தீப்பிடித்த அப்போலோ, கிளம்பிய கொஞ்ச நேரத்தில் உடைந்த சேலஞ்சர், திரும்பி வரும்போது சிதறிய கொலம்பியா. வருஷங்கள் வேறு வேறு, காலம் மட்டும் ஒன்று. குளிர்காலம் மனிதர்களின் புத்தியை மந்தமாக்குமா, அதனால்தான் தவறு செய்கிறார்களா என்பது அவருடைய கேள்வி.

மனிதர்கள் எங்கே, எப்போது, ஏன் தவறு செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் கம்பெனியில் என் வேலை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அதைச் சம்பளமில்லாமல் செய்கிறேன் என்பார் என் கணவர். இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குக் கேட்ட நிமிஷமே தெரிந்துவிட்டது. மூன்று விபத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தின் மேல் பழி போட முடியாது. சேலஞ்சரில் குளிரால் ரப்பர் வளையம் விறைத்துப்போனது உண்மை; அது ரப்பரின் சமாசாரம், மூளையின் சமாசாரம் இல்லை. அதுவும் நம் கடற்கரையில் என்ன குளிர்? காலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிற அளவுக்குக் குளிர். 'சம்பந்தமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

முடியவேண்டும் என்று எனக்கு ஆசையும் இருந்தது. ஏவுதளத்தில் ராக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற ஆறு பேரில் ஒருவன், அவர்களுக்குத் தலைவன், என் தம்பி ஆனந்த்ராஜ். ராக்கெட்டில் ஆள் போகவில்லைதான். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் அதன் தொட்டிகளில் வாயுவை அழுத்தி நிரப்பும்போது அந்த ஆறு பேரும் அதன் காலடியில் நிற்பார்கள். ஒரு வால்வைத் திறக்கிற இடத்தில் மூடினால், அங்கே நின்றவர்களைப் பற்றி அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. ஐ.டி.ஐ. படித்துவிட்டு கான்ட்ராக்ட்டில் அங்கே இங்கே என்று அலைந்தவன், இப்போதுதான் முதல்முறையாகத் தலைவன் ஆகியிருக்கிறான். அப்பா தன்னோடு நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்த பழைய ஆட்களை எல்லாம் டிவியில் ராக்கெட் பார்க்க வீட்டுக்கு வரச்சொல்லி, நாற்காலிகூட வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு பக்கம் எழுத அரை நாள் தாராளம். ஆனால் ஊருக்கு வந்தால் நெய்வேலி டவுன்ஷிப்பை ஒரு சுற்றுச் சுற்றாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. அம்மாவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் வீடு என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவும் கிடையாது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பிறந்து வளர்ந்த வீட்டை ரோட்டில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். நாங்கள் இருந்த வட்டத்தில், அதாவது குவார்ட்டர்ஸ் தொகுதியில், ஒன்றுமே மாறவில்லை. அதே நேர்கோட்டு ரோடு, அதே நிழல், வாசலில் மட்டும் வேறு யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தியதும், "யாரும்மா வேணும்?" என்றார். "யாரும் வேணாங்க" என்றேன். அவர் பின்னால் நின்ற மாமரம் அம்மா வைத்தது. அதைச் சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? பேசாமல் வண்டியைக் கிளப்பினேன்.

அந்த வீட்டில் எங்களுக்கு வருஷம் என்பதே டிசம்பரில்தான் தொடங்கும். அனல் மின்நிலையத்துப் புகையும் மார்கழிப் பனியும் கலந்து காலையில் எதிர்வீடே தெரியாது. அம்மா லெக்கோ என்கிற நிலக்கரிக் கட்டிகளைப் போட்ட அடுப்பில் வெந்நீர் வைப்பாள். அந்தக் கரி பிடித்துக்கொள்கிற வரைக்கும் வீடெல்லாம் ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்கேயாவது கரிப்புகை வந்தால் எனக்குக் குளிக்கவேண்டும் என்று தோன்றும். கிறிஸ்தவ வீடுகளில் காகித நட்சத்திரம் தொங்கும். எங்கள் வீட்டு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு சத்யப்பிரியா அழுது அடம்பிடித்ததில், அவள் அப்பா பிள்ளையார் படத்துக்கு மேலே ஒரு நட்சத்திரம் கட்டினார். பொங்கல் முடிந்தும் அவர் அதை இறக்கவில்லை.

அப்புறம் கேரல். லாரியின் பின்பக்கம் ஜெனரேட்டரையும் பெட்ரோமாக்ஸையும் ஏற்றிக்கொண்டு எங்கள் கோயில் ஆட்கள் வட்டம் வட்டமாகப் பாடிக்கொண்டு போவார்கள். அப்பாதான் டிரம் அடிப்பார். தாளம் சுமார்தான், சத்தம் பிரமாதம். எந்த மதத்து வீடாக இருந்தாலும் கதவைத் திறந்து கேசரி, முறுக்கு, டீ என்று ஏதாவது கொடுக்காமல் விடமாட்டார்கள். கடைசி வட்டத்தைப் பாடி முடிக்கிற நேரம், பிள்ளையார் கோயிலிலிருந்து மார்கழி பஜனை கிளம்பிவிடும். ஒரு வருஷம் இரண்டு கூட்டமும் ஒரே முக்கில் எதிர் எதிராக வந்துவிட்டது. யாருக்கு யார் வழிவிடுவது என்று எல்லோரும் நின்றுகொண்டிருக்க, அப்பா பஜனைக்கு டிரம் அடிக்க ஆரம்பித்துவிட்டார். பாதிரியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கிறிஸ்துமஸ் போனால் புதுவருஷம், அது போனால் பொங்கல், அது போனால் வடலூரில் தைப்பூசம். ஜோதி பார்க்க வருகிற கூட்டத்தில் ஊரே விழித்திருக்கும். வெயில் காலத்தில் எங்கள் ஊரில் மனிதர்கள் ஏழரைக்கெல்லாம் விசிறியைப் போட்டுக்கொண்டு சுருண்டுவிடுவார்கள். குளிர்காலத்தில்தான் ஊர் ஊராக இருக்கும்.

இத்தனை கொண்டாட்டத்துக்கும் மைன்ஸில் கரி கொண்டுபோகிற கன்வேயர் பெல்ட் நிற்காது. அதற்குத்தான் அப்பா காலத்து ஆட்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் கிறிஸ்தவர்களின் ஷிஃப்டை மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள். பொங்கல் வாரத்தில் கிறிஸ்தவர்கள் அதைத் திருப்பிச் செய்வார்கள். யாரும் எழுதி வைத்ததில்லை, மேலே சொன்னதும் இல்லை. அப்பாவுக்கு ஜோடி சடையப்பன் மாமா. குள்ளஞ்சாவடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர், நிலமும் மாடும் உள்ளவர். "நீ போயி டிரம் அடி பவுலு, பெல்ட்ட நான் பாத்துக்கறேன்" என்பார். அப்பா பொங்கலுக்கு அவரை மாடு குளிப்பாட்ட அனுப்பிவிட்டு இரண்டு ஷிஃப்ட் சேர்த்து நிற்பார். மாமா என்னையும் ஆனந்தையும் தன் ஊருக்குக் கூட்டிப்போய்விடுவார். அவர்களைவிட நல்ல மனிதர்களை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் சாப்பிடும்போது, அறிக்கையில் உள்ளூர் விவரம் ஒன்று சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்து, "அப்பா, உங்களுக்குக் கால் உடைஞ்ச வருஷம் பனி ரொம்ப அதிகமா?" என்று கேட்டேன்.

அப்பாவுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். எனக்கு ஏழாம் வகுப்பு நடக்கும்போது, ஒரு மாட்டுப் பொங்கலன்று, ஷிஃப்ட் முடிந்து மொபெட்டில் வரும்போது பனியில் ரோடு தெரியாமல் கால்வாய்க் கட்டையில் மோதிவிட்டார். நானும் ஆனந்தும் அன்றைக்கு சடையப்பன் மாமா ஊரில் இருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் அப்பா மாவுக்கட்டோடு படுத்திருந்தார். அந்தக் கதையை அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். இப்போதும் சோற்றில் கையை வைத்தபடியே உற்சாகமாக ஆரம்பித்தார்.

"அதிகமாவா? கைய நீட்டுனா கை தெரியாதும்மா. ஹெட்லைட் போட்டா வெள்ளையா செவுரு மாதிரி நிக்கிது. மெதுவாத்தான் வந்துகினு இருக்கேன்..."

"போதும் நிறுத்துங்க" என்றாள் அம்மா. ரசக் கரண்டியை டங்கென்று வைத்தாள். "அவ ஆபீசுக்கு எழுதறாளாம், அதுலயும் இந்தப் பொய்யவா எழுதணும்? மத்தியானம் ரெண்டரை மணிக்கு ஏதுங்க பனி?"

அப்பா அம்மாவையே பார்த்தார். அப்புறம் அவசரமாக மோர் ஊற்றிக்கொண்டார்.

"மத்தியானமா?" என்றேன்.

"ஆமாடி. நைட் ஷிஃப்ட் இவருது. அதோட சடையப்பண்ணன் ஃபர்ஸ்ட் ஷிஃப்டயும் சேர்த்துப் பாத்துட்டு வந்தாரு. போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், மூணு நாளும் அப்படித்தான். அதுக்கு முன்னாடி கேரலு, நியூ இயரு. மனுசன் ஒழுங்கா படுத்தே மாசம் ஆச்சி. நான் துணி காயப்போட்டுகினு இருக்கேன், வெயிலு கண்ணு கூசுது, அப்பதான் வந்து சொன்னாங்க. தூங்கிகினே ஓட்டியிருக்காரு."

"தூங்கல" என்றார் அப்பா மெதுவாக.

சடையப்பன் மாமாவிடம் அப்பா சொன்ன கதையே வேறாம், அம்மா சொன்னாள். 'உன் ஷிஃப்டுக்கு அய்யாசாமி போய்ட்டான், நான் விடிகாலைல வூட்டுக்கு வரும்போதே பனியில விழுந்துட்டேன்' என்று. கூட வேலை பார்த்த அய்யாசாமியும் வாயைத் திறக்கவில்லை. தன் மாட்டுப் பொங்கலால்தான் பவுல்ராஜுக்குக் கால் போனது என்று தெரிந்தால் சடையப்பன் அதற்கப்புறம் பொங்கலே வைக்கமாட்டான் என்பது அப்பாவின் கணக்கு. இத்தனை வருஷமாக நானும் ஆனந்தும்கூட அந்தப் பனியை நம்பிக்கொண்டிருந்தோம். மனிதத் தவறுகளை ஆராய்கிற நானும் எத்தனை மணிக்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, ஒரு பக்கம் எதையாவது தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

அடுத்த நிமிஷம் சோறு இறங்கவில்லை. ஆனந்தின் குழுவில் நான்கு பேர் எங்கள் பக்கத்துப் பையன்கள். மைன்ஸ்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், அந்த ஷிஃப்ட் மாற்றுகிற வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். இன்றைக்குப் போகி.

கையைக் கழுவிவிட்டு ஆனந்துக்குப் போன் போட்டேன்.

"சொல்லுக்கா. கடல் காத்தே இல்ல, வானம் கண்ணாடி மாதிரி இருக்கு" என்றான். குரல் கரகரவென்று இருந்தது.

"இந்த ஷிஃப்ட் உன்னுதாடா?"

"பழனிவேலுது. நேத்து நைட்டு என்னுது முடிஞ்சுது, அப்படியே கன்டினியூ பண்றேன்."

"பழனிவேல் எங்க?"

"ஊருக்குப் போயிருக்கான்கா. இன்னும் ரெண்டு பேரும் போயிருக்கானுங்க. காணும் பொங்கலுக்கு வந்துடுவானுங்க. நாங்க மிச்சம் இருக்கறவங்க பாத்துக்கறோம்." அவன் குரலில் பெருமை வழிந்தது. "கிறிஸ்துமஸுக்கு என் ஷிஃப்ட் மொத்தத்தையும் அவன்தான்கா பாத்தான். நான் கேரல் முடிச்சு நியூ இயர் ஆராதனை வரைக்கும் இருந்துட்டு வந்தேன். இப்ப நான் பாக்கலன்னா நான் மனுசனா? நம்ம அப்பா செஞ்சதுதானே."

"ரெஜிஸ்டர்ல?"

"அவன் பேருக்கு அவன் கையெழுத்து நான் போட்டுருவேன். யாரு பாக்கப் போறா?"

அவனே தொடர்ந்தான். "அக்கா, உனக்கு ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன். கடல் காத்தே இல்ல. வானம் கண்ணாடி மாதிரி இருக்கு."

முதல் வாக்கியமாக அதைத்தான் சொன்னான் என்பது அவனுக்கு நினைவே இல்லை.

ராக்கெட்டைத் தள்ளி வைக்கச் சொல் என்றேன். தூங்கு என்றேன், கத்தினேன், கெஞ்சினேன். "பனி இல்ல, மழை இல்ல, என்னத்துக்குக்கா தள்றது? ராக்கெட் போனப்புறம் ஒரு வாரம் தூங்கறேன்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

பொங்கலன்று பொங்கல் பானையைப் பார்த்து எல்லோரும் கூவும்போது நானும் கூவினேன். எங்கள் தெருவில் மதம் பார்த்து யாரும் கூவுவதில்லை. ஆனால் என் மனசு அதில் இல்லை. முதலாளியிடம் சொன்னால் ஆனந்தின் தலைமை போய்விடும். கள்ளக் கையெழுத்துக்கு வேலையே கூடப் போகலாம். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். அப்பா எத்தனை பொங்கல் அப்படி நின்று பத்திரமாக வீட்டுக்கு வந்திருக்கிறார்! ஒரே ஒரு தடவைதான் விழுந்தார். அந்த ஒரு தடவையை நினைத்துத்தான் அன்றைக்கு ராத்திரி அறிக்கையை எழுத உட்கார்ந்தேன்.

மாட்டுப் பொங்கலன்று காலை கூட்டம். லேப்டாப்பில் முதலாளி, பணம் போட்டவர், அதிகாரிகள், ஏவுதளத்திலிருந்து ஆனந்த், எல்லோரும் சின்னச் சின்னக் கட்டங்களில் இருந்தார்கள். ஆனந்த் முகம் கழுவி, தலை வாரி, மூன்று நாளாகத் தூங்காத கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க ஏஞ்சலின். குளிர்காலம் ஆளைப் பாதிக்குமா? ஆமாவா, இல்லையா?" என்றார் ஜெயப்பிரகாஷ் சார்.

"அமெரிக்காவுல என்ன ஆச்சோ எனக்குத் தெரியாது சார். மூணு விபத்த வெச்சு யாரும் சொல்லிட முடியாது. நம்ம ஊர்ல பாதிக்கும். குளிர் ஒண்ணும் பண்ணாது. நம்ம ஊர்ல குளிர்காலத்துலதான் யாரும் தூங்கறதில்ல. கிறிஸ்துமஸ்ல ஆரம்பிச்சு ஒருத்தர் பண்டிகைக்கு இன்னொருத்தர் முழிச்சிருக்காங்க. இப்ப ஏவுதளத்துல நிக்கறவங்க அப்படித்தான் நிக்கறாங்க. ரெஜிஸ்டர்ல எட்டு மணி நேரம்னு இருக்கும். அது நெஜம் இல்ல."

கட்டத்துக்குள் ஆனந்தின் சிரிப்பு நின்றது.

"யார் சொன்னா?" என்றார் சார்.

"ஆனந்த்ராஜ் சொன்னான். பெருமையாத்தான் சொன்னான். தப்பு பண்றோம்னு அவனுக்குத் தெரியாது."

"இப்ப தவற விட்டா அடுத்த அனுமதி பிப்ரவரி கடைசியிலதான். ஆறு பேரு தூங்கணும்னு ஒரு ராக்கெட்ட நிறுத்தணுமா?"

"ஆமா சார். நிறுத்தணும். நிறுத்தாம போனா என் பேரை அதுல போடாதீங்க."

பணம் போட்டவர்தான் முதலில் தலையசைத்தார். அந்த மனிதர் ஜனவரிக்குப் பயந்தவர், அவருக்கு எந்தக் காரணம் கிடைத்தாலும் சந்தோஷம். கூட்டம் முடிந்தபோது ராக்கெட் தள்ளிப்போயிருந்தது. ஆனந்தும் தலைவன் இல்லை. அடுத்த முறை பழனிவேல் தலைவன், ஆனந்த் அவனுக்குக் கீழே. வேலை தப்பியதே பெரிது என்றார் சார். பழனிவேலும் அதே ஷிஃப்ட் மாற்றத்தைத்தானே செய்தான் என்று சண்டை போட்டேன். கையெழுத்துப் போட்ட கை ஆனந்துடையது என்றார்.

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போடாமலே வீடு முழுக்கக் கேட்டது.

"எத்தனை வருஷமா இதுக்காக நின்னேன்! ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். கூடப் பொறந்தவளே காட்டிக் குடுத்துட்டியே! எனக்கு அக்காவே இல்ல இனிமே."

அழுகையை அடக்குவதிலேயே மூச்சு போய்விட்டது. அப்பா காலை இழுத்துக்கொண்டு வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"டேய் ஆனந்து."

"நீங்க போன அவகிட்ட குடுங்கப்பா."

"இரு. எனக்குக் கால் ஒடஞ்சது பனியில இல்லடா."

அப்பா போனை மறு காதுக்கு மாற்றினார்.

"மத்தியானம். நல்ல வெயிலு. உங்கம்மா தூங்கிட்டேன்னு சொல்றா. தூங்கலடா. கண்ணு தொறந்துகினுதான் இருந்துச்சி. ரோடு திரும்புது, எனக்குத் தெரியுது. ஆனா திரும்பணும்னு தோணல. அவ்ளோதான்." அப்பா இடது முழங்காலைத் தடவிக்கொண்டார். "அன்னிக்கி அய்யாசாமி பின்னாடி ஒக்காந்து வரேன்னான். சைக்கிள எடுக்கணும்னு நின்னுட்டான். வந்திருந்தா அவன் போய்ச் சேந்திருப்பான். இத்தினி நாளா அவன் பொண்ணுங்களப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அதான் ஞாபகம் வரும். உன்னாண்ட அஞ்சி பேரு நிக்கிறான்டா."

ஆனந்தின் குரல் மெல்லக் கேட்டது. "சடையப்பன் மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லித் தொலைக்காத."

காணும் பொங்கலன்று சடையப்பன் மாமா வழக்கம்போல வந்தார். கையில் பரங்கிக்காய், மஞ்சள் கொத்து, கட்டு கட்டாகக் கரும்பு. வந்ததும் வராததுமாக, "என்னா பவுலு, நாளைக்கி ராக்கெட்டு வுடறாங்கன்னு சொன்ன, தள்ளி வெச்சிட்டாங்களாமே?" என்றார்.

"பனி அதிகமாம் சடையா" என்றார் அப்பா, கண் இமைக்காமல்.

"பனி பொல்லாதது" என்று மாமா அப்பாவின் இடது முழங்காலை ஒரு தட்டுத் தட்டினார். "உனக்குத் தெரியாததா? நம்ம புள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே, அது போதும்." அம்மா சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் பின்னாலேயே போய்ச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

அன்று சாயங்காலம் ஆனந்த் வந்தான். யாரையும் பார்க்காமல் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தவன் மறுநாள் சாயங்காலம்தான் எழுந்தான். நடுவில் அப்பா இரண்டு தடவை போய் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். எழுந்து, குளித்து, சாப்பிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறினான்.

பிப்ரவரிக் கடைசியில் ராக்கெட் போனது. நான் சென்னையில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். "ஏவுதளம் தயார்" என்று பழனிவேலின் குரல்தான் கேட்டது. அது ஆனந்தின் குரலாக இருந்திருக்கவேண்டும். கொஞ்சம் புகை, நிறைய சத்தம், அப்புறம் வானத்தில் ஒரு புள்ளி. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் யாரையோ கட்டிப்பிடித்தேன்.

அடுத்த வாரம் பழனிவேலைப் பார்த்தபோது மெதுவாகக் கேட்டேன். பொங்கலின்போது ஆனந்த் செய்து வைத்திருந்த வேலையைப் பிரித்துப் பார்த்தார்களே, எங்கேயாவது ஏதாவது தப்பு இருந்ததா என்று. இருந்தது என்று அவன் சொல்லவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா?

"ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றான். "அன்னிக்கே வுட்டிருந்தாலும் போயிருக்கும்னு ஆனந்தண்ணன் சொல்லிகினே இருக்காரு."

போயிருக்கலாம். நடக்காத விபத்தைக் கொண்டுவந்து காட்டி, 'பார், இதிலிருந்துதான் உன்னை இழுத்தேன்' என்று யாரிடமும் சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

ஈஸ்டருக்கு எல்லோரும் வடலூரில் கூடினோம். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வந்திருந்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நான் சுளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனந்த் எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முகம் நன்றாகத் தெளிந்திருந்தது, கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது. காலையிலிருந்து என் பக்கம் திரும்பவில்லை.

"அம்மா" என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "இவங்கள கொஞ்சம் நகந்து ஒக்காரச் சொல்லு. எனக்குக் காத்தே வரல."

இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு 'இவங்க' என்கிறான். நான்கு வருஷம், பத்து வருஷம், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கோபித்துக்கொள்ளட்டும். கோபித்துக்கொள்ள எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். அம்மா வந்து சொல்லும்வரை காத்திருக்காமல், பலாப்பழத்தையும் இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.